திரையிலை வராத தமிழ்

பஸ்ஸிலை மடியிலை வைச்ச பையைத் திறந்து திறந்து பாத்துக்கொண்டு போனன். உள்ளுக்கை ஒரு பென் டிரைவ். அது கால் முளைச்சு இறங்கி ஓடவே போகுது? ஆனாலும் அரியாலையிலை ஏறினதிலையிருந்து கை சும்மா இருக்கேல்லை.

நான் குடும்பநல உத்தியோகத்தர். ஊருக்கு மிட்வைஃப் மிஸ்ஸி. எங்கடை சனசமூக நிலையத்திலை மாசத்துக்கு ஒருக்கா கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக் நடக்கும். வாற ஆக்கள் குறைவு, நிப்பாட்டிப்போட்டு டவுன் கிளினிக்கோடை சேர்ப்பம் எண்டு மேலை கதை அடிபட்டது. சேர்த்தால் எங்கடை பொம்பிளையள் போகாயினம். விடிய மனுசன்மார் கடல் தொழிலாலை வாற நேரம், வலையிலை மீன் கழட்டவேணும். பஸ்ஸுக்கு ஆர் போய் நிக்கிறது? அதைத்தான் மாதாந்தக் கூட்டத்திலை பெரிய டொக்டருக்கு ஸ்லைட் போட்டு விளங்கப்படுத்தச் சொல்லி, கூட வேலை செய்யிறவை என்னைப் பிடிச்சு முன்னுக்குத் தள்ளிவிட்டிருந்தினம்.

ஸ்லைட் அடிக்கிறது பெரிய வேலையில்லை எண்டு நினைச்சன். இந்த உத்தியோகம் கிடைக்க முந்தி ஒரு அச்சகத்திலை கல்வெட்டு அடிச்சனான், ஒராள் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டிலை குடுக்கிற நினைவுப் புத்தகம். எல்லாம் பாமினி எழுத்துருவிலை. இண்டைக்கும் என்ரை விரலுக்குத் தெரிஞ்ச தமிழ் அதுதான். அதிலையே அடிச்சு முடிச்சன். வீட்டுக்காரர் எட்டிப் பாத்திட்டு, "என்னப்பா, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியுது, ஆற்றை முப்பத்தொண்டு?" எண்டு பகிடி விட்டார். பழைய கைப்பழக்கம். விளக்குகளை எடுத்துப்போட்டன். ஆனாலும் அது ஒரு சகுனப்பிழையா மனசிலை கிடந்து அரிச்சது.

கூட்டத்திலை என்ரை முறை வந்தது. கந்தோர் லப்டொப்பிலை பென் டிரைவைச் செருகி முதல் ஸ்லைட்டைத் திறந்தால், ஐயோ, ஒரு தமிழ் எழுத்து இல்லை. திரை முழுக்க இங்கிலீஸ் எழுத்தும் குத்தும் கோடும். அந்த லப்டொப்பிலை பாமினி இல்லை. பாமினி இல்லாத இடத்திலை அது அப்பிடித்தான் வரும். எனக்குத் தெரியாத விசயமே? அச்சகத்திலை எத்தினை பேருக்கு நானே சொல்லியிருப்பன். கோதாரி, அண்டைக்கெண்டு பாத்து மறந்துபோனன்.

பின்னாலை ஆரோ சிரிச்சுப்போட்டு அதை இருமலாக்கினார். பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் திரையைப் பாத்தார்.

"மிஸ்ஸி, உது என்ன பாஷை?"

"தமிழ்தான் சேர்," எண்டன்.

ஓடிப்போவம் எண்டுதான் நினைச்சன். அப்பதான் விரல் கீபோட்டிலை அடிக்கிறமாதிரிச் சீலைக் கரையிலை தானாத் தட்டத் தொடங்கினது. முதல் எழுத்து எம், அதை அமத்தினால் 'அ'. அடுத்தது கே, அது 'ம'. அம்மாமார். விரல் தட்டத் தட்ட வாய் வாசிச்சது. வடிவா ஒண்டும் இல்லை, திக்கித் திக்கித்தான். சட்டை முதுகோடை ஒட்டிப்போச்சு. மூண்டாவது ஸ்லைட்டிலை டொக்டர் கையைக் காட்டினார். சரி, முடிஞ்சுது எங்கடை கிளினிக் எண்டு நினைச்சன்.

"உதை விடுங்கோ மிஸ்ஸி. டவுனுக்கு ஏன் வராயினம்? அதைச் சொல்லுங்கோ."

சொன்னன். மீன் கழட்டுறதை, மாரியிலை றோட்டுக்கு மேலாலை தண்ணி போறதை, குமட்டிக்கொண்டு வாற சத்தியையும் அடக்கிக்கொண்டு பஸ்ஸிலை நிண்டு வாறதை. சொல்லச் சொல்லக் கோவமும் வந்திட்டுது. "ஆக்கள் குறைவுதான் சேர். அந்தக் குறைஞ்ச ஆக்களின்ரை வயித்திலையும் பிள்ளைதான் இருக்கு," எண்டு சொல்லிப்போட்டு நாக்கைக் கடிச்சன்.

டொக்டர் பக்கத்திலை இருந்தவரோடை குசுகுசுத்தார். பேந்து சொன்னார், "நிப்பாட்டேல்லை. ஆனா மாசாமாசம் ஏலாது. ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் நடத்துங்கோ. வாற மாசத்தை விடுங்கோ."

திரும்பி வரேக்கை எனக்குச் சந்தோசமோ அழுகையோ தெரியேல்லை. பஸ்ஸாலை இறங்க, மதவடியிலை ஒரு பிள்ளை நிண்டாள். தலைப்பிள்ளைக்காரி. கால் வீங்குதெண்டு நான் கவனமாப் பாத்துவாறவள். நான் எந்தப் பஸ்ஸிலை வருவன் எண்டு தெரியாமல் எவ்வளவு நேரம் வெயிலுக்கை நிண்டாளோ.

"மிஸ்ஸி, கிளினிக் இருக்கோ?"

"ஓம், இருக்கு. ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்."

சிரிச்சாள். பேந்து சிரிப்பு நிண்டுது. "வாற மாசம்?"

"வாற மாசம் இல்லை."

வாற மாசம் அவளுக்கு எட்டு. பிரஸர் ஏறுறதெண்டால் அப்பதான் ஏறும். அந்த அறைக்குள்ளை அவ்வளவு கதைச்ச எனக்கு இவளின்ரை முகம் ஏன் ஞாபகம் வரேல்லை எண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டுது. அவள் கோவிக்கேல்லை. "சரி மிஸ்ஸி," எண்டு வயித்தைத் தடவிக்கொண்டு திரும்பினாள்.

"நில்லு பிள்ளை," எண்டன். "பிரஸர் மெசினோடை நான் வீட்டை வாறன். கிழமைக்குக் கிழமை வருவன். நாயை மட்டும் கட்டி வை."