மீன்தொட்டிக்குக் கீழே பெய்த மழை

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து மீன்தொட்டியின் நீரைச் சுத்தம் செய்ய, அதன் கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டியை நானே தடுப்புகள் வைத்து அறை அறையாக அமைத்தேன். மேலிருந்து இறங்கும் நீர் தடுப்புகளைத் தாண்டி, நடு அறையின் பச்சைப் பாசிக்குள் நுழைந்து, கடைசி அறை மோட்டாரால் மீண்டும் மேலேறும். மீன்களுக்குப் பயப்படாமல் அந்தப் பாசியில் குட்டி இறால்கள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது.

பூஜைக் குடத்தைத் தளும்ப நிரப்பிப் பழகிய என் கை, அந்தக் கீழ்த்தொட்டியையும் விளிம்புவரை நிரப்பிவிட்டது.

ஒரு மழை மதியம், அதன் முன் தரையில் படுத்துப் பாதி உறக்கத்தில் இருந்தேன். கரன்ட் போனது. மோட்டார் நின்றதும் மேல்தொட்டி நீர் குழாய் வழியே இறங்க, கீழ்த்தொட்டி பொங்கி வழிந்தது. அந்தச் சத்தத்தையும் மழை என்றே நினைத்துக் கிடந்தேன். பாதம் குளிர்ந்தது, அதுவும் சுகமாகத்தான் இருந்தது.

அடுக்களையிலிருந்து வந்த கணவர் அலறினார்: "பிளக் போர்டு தண்ணில கெடக்கு! எழுந்து தள்ளிப் போ, கேட்டயா! இப்போ கரன்ட் வந்துடும்!"

அவர் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை அணைத்த மறுநிமிடம், எதிர்வீட்டில் விளக்கு எரிந்தது.

இப்போது போர்டு சுவரில் உயரத்தில் இருக்கிறது. மோட்டாரை நிறுத்திப் பார்த்து, மேல்நீர் முழுக்க இறங்கினாலும் வழியாத அளவுக்குக் கீழ்த்தொட்டியில் கோடு போட்டிருக்கிறேன். ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால், உறக்கத்திலேயே என் கை தரையைத் தடவிப் பார்க்கிறது.