இரண்டு குரலில் பாடிய சித்தப்பா

சின்னசேலம் பஸ்ஸில் டிரைவர் பழைய டூயட் ஒன்றைப் போட்டார். பக்கத்தில் குமார் சித்தப்பா. ஊரையே கிண்டல் பண்ணுகிற நான், அந்தப் பாட்டில் பெண் குரல் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சித்தப்பா மெல்லிசைக் குழுவில் பாடினார். பாட்டுக்காரம்மா வராத ஊரில் பெண் குரலையும் அவரே பாடுவார். கண்ணை மூடிக் கேட்டால் அசல் பாடகியேதான். ஜனங்கள் பிடித்த பாட்டைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். வந்த சீட்டை முன்கூட்டிப் பார்க்காமல் அப்படியே மைக்கில் வாசிப்பது அந்தக் குழுவின் பழக்கம்.

ஆறாவது படிக்கும்போது, தியாகதுருகம் திருவிழாவில் நானும் ஒரு சீட்டு அனுப்பினேன். "குமாரு அக்கா பொடவ கட்டிக்கினு பாடணும்." வாசித்ததும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சித்தப்பா அடுத்த பாட்டையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார். அப்புறம் மேடை ஏறவேயில்லை.

அந்தச் சீட்டை, குழுவில் தபேலா வாசிக்கிற மணிதான் எழுதினார் என்று சித்தப்பாவுக்குச் சந்தேகம். மணி எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"சாமி சத்தியமா நான் எழுதலடா குமாரு."

"போடா. இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராத."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

போன மாசம் மணி செத்துப்போனார். சித்தப்பா சாவுக்குப் போகவில்லை.

பஸ்ஸில் பாட்டு முடியும்போது மெதுவாகச் சொன்னார்:

"இந்த எடத்துல மணி இன்னா வாசிப்பான் தெரியுமாடா? சாவற வரைக்கும் ஒத்துக்கலியே, பாவி."

"ஆமா சித்தப்பா" என்றேன்.