இரண்டாக வெட்டிய கல்யாண வீடியோ

மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறிய ஞானசேகரன், மகள் தமிழ்ச்செல்வியின் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை. மனைவி இறந்தபின் மிச்சமிருந்த ஒரே பேச்சுத்துணையையும் பிடிவாதத்தால் தொலைத்தார். முதுநகர் வீட்டில் இரண்டு வருடமாக டிவி மட்டும்தான் பேசுகிறது.

மனைவியின் தம்பி வைத்திலிங்கம் சிதம்பரத்திலிருந்து வந்தவன் ஒரு மெமரி கார்டை மேசைமேல் வைத்தான். "கல்யாண வீடியோ மாமா. பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம்."

நான்கு நாள் அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் டிவியில் செருகினார். டிவி படிக்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரீதா கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள்.

"கார்டு நல்லாத்தான் இருக்கு சார். எக்ஸ்ஃபேட்டுங்கற புது முறையில ஃபார்மேட் பண்ணியிருக்காங்க. உங்க டிவி பழசு, ஃபேட் தேர்ட்டி டூங்கற பழைய முறையத்தான் படிக்கும்."

"அப்ப அதுக்கே மாத்திக் குடும்மா."

"மாத்தினா உள்ள இருக்கறது அழிஞ்சிடும். மொதல்ல காப்பி எடுத்துக்கறேன். ஆனா அந்தப் பழைய முறையில ஒரு ஃபைல் நாலு ஜிபிக்கு மேல ஏறாது. இது ஏழு ஜிபி. ரெண்டா வெட்டணும். எங்க வெட்டட்டும்?"

அதைச் சொல்ல அவர் பார்த்தாக வேண்டும். பிரீதா திரையை அவர் பக்கம் திருப்பி ஓட்டினாள். தாரை வார்க்க அவர் நிற்க வேண்டிய இடத்தில் வைத்திலிங்கம் நின்றிருந்தான். தமிழ்ச்செல்வி ஒருமுறை நிமிர்ந்து மண்டப வாசலைப் பார்த்தாள். பிறகு பார்க்கவே இல்லை.

"சார்?"

"தாலி கட்டறதுல கை வெக்காதம்மா" என்றார். "பந்தி ஆரம்பிக்கிற எடத்துல வெட்டு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் ரசம் சோற்றைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பாகத்தின் முன் உட்கார்ந்தார். அங்கே இலை இலையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் கேட்டாள்: "ஒங்கப்பா வரலயாடி?"

"காய்ச்சல் அத்தை" என்று தமிழ்ச்செல்வி சிரித்தாள். "சாயந்தரம் வந்துடுவாரு."

அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். கையைக் கழுவிவிட்டு அவளுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் எடுத்தாள்.

"என்னப்பா, ஒடம்புக்கு ஏதாவதா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. போனை வைக்கவும் இல்லை.