சேதி இல்லாத ஓட்டம்

கொளஞ்சியம்மாள் புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, அண்ணனின் பழைய சட்டையை மேலே மாட்டி, இரண்டு முறை துப்பிவிட்டு ஓடத் தொடங்குகிறாள். ஏரி மதகிலிருந்து ஒற்றைப் பனைமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். செருப்பு கிடையாது. மேற்கே கல்வராயன் மலை இன்னும் இருட்டாகவே கிடக்கிறது. மதகின் மேல் நான் கடிகாரத்துடன் நிற்கிறேன். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, ஓரிடத்தில் நிற்கத் தெரியாத என்னை இங்கே நிறுத்தியவள் அவள்தான்.

வயது முப்பது. கரும்பு வெட்டுகிறவள். காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். மிச்சம் இருப்பது விழுப்புரத்தில் நானூறு மீட்டர் ஓட்டம். போன தடவை அதில்தான் கோட்டைவிட்டாள். அடுத்த தடவைக்கு வயது தாண்டிவிடும்.

அவள் ஓடினால் பார்க்கிறவர்கள் நின்றுவிடுகிறார்கள். முதல் வாரம், களையெடுக்கப் போன பெண்கள் களைக்கொட்டைப் போட்டுவிட்டுக் கரையேறி வந்தார்கள்.

“ஏண்டி, எந்த வூட்லடி?”

“எந்த வூட்லயும் இல்ல. சும்மா ஓடறன்.”

“சும்மா ஓடறாளாம்! வவுறு பகீர்னு ஆயிடுச்சிடி” என்றாள் பாப்பாத்தி. விஷயம் தெரிந்ததும், “போலீசாயி வந்து மொதல்ல எம் மாமியாரப் புடிச்சிக்கினு போ” என்றாள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நிலக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் வெளியூர் உறவுகளுக்குச் சேதி சொல்வது கொளஞ்சியின் அப்பா அம்மாசியின் வேலை. செத்தவர் வீட்டார் தாங்களே போய்ச் சொல்லக்கூடாது என்பது இங்கே வழக்கம். அம்மாசிக்கு முட்டி வீங்கிப்போக, பத்து வயதிலிருந்து ஓடியவள் இவள். செத்தவர் பேர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் மறந்துவிடாமலிருக்க வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடுவாளாம். ஒருமுறை, செத்துப்போன தம்பியின் பேருக்குப் பதிலாக அண்ணன் பேரைச் சொல்லிவிட்டாள். உயிரோடிருந்தவருக்காக ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு தெருவில் புரண்டாள். அதற்கு வாங்கிய அடியின் தழும்பு காதுக்குக் கீழே இருக்கிறது.

“அன்னியிலேர்ந்து ஓட்டம்னாலே ஆவாதுக்கா” என்றாள் என்னிடம்.

முதல் மாதம் பனைமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்துவிட்டுத்தான் திரும்புவாள். பிறகு ஒரு மழைநாள் காலையில் பனைமரத்தில் திரும்பாமல் போய்க்கொண்டேயிருந்தாள். கரையின் மறுகோடிவரை போய், சேறு தெறித்த முகத்தோடு சிரித்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா ஆச்சி?” என்று அவள் பேச்சிலேயே கேட்டேன்.

“வாயில ஒண்ணுமே இல்லக்கா. பேரு இல்ல, மணி இல்ல. காத்து மட்டும் போயிக்கினு வந்துக்கினு இருக்குது. ஜாஸ்தி தூரம் போனதே தெரில.”

அதன்பிறகு, போதும் என்று நான் சொன்னாலும் இன்னொரு முறை ஓடிவிட்டே நின்றாள்.

கடைசிப் பயிற்சி ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலை தேர்வு. பயிற்சி முடிந்ததும் பத்து மணிப் பேருந்தில் கிளம்ப வேண்டும். காசிநாதன் வந்து மதகோரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். அவள் வெட்டுவது அவருடைய கரும்பைத்தான். அவர் கண்கள் சிவந்திருந்தன.

“கொளஞ்சி, பெரியப்பா போய்ட்டாரு. நைனார்பாளையத்துக்கும் அப்பால ரெண்டு ஊருக்கும் சொல்லணும். ஓடு.”

“ஐயா, நாளிக்கி விழுப்புரத்துல எனக்கு ஓட்டங்க. பத்து மணி வண்டிக்குப் போவணும்.”

“சாவு உன் வண்டி நேரம் பாத்துக்கினா வரும்?”

“நீங்களே சைக்கிள்ல போனா சுருக்கா சொல்லிடலாங்க.”

“செத்த வூட்டுக்காரன் போவலாமா? தெரியாத மாதிரி பேசற.” குரல் தணிந்தது. “உங்கப்பன் வூடு நிக்கிறது எங்க மனையில. நெனப்பிருக்குதா?”

நின்ற இடத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், பார்க்க எதுவும் இல்லை.

“பெரியய்யா நல்ல மனுசங்க” என்றாள்.

பிறகு சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டாள். முன்சக்கரத்தை நைனார்பாளையம் சாலைப் பக்கம் திருப்பி, கைப்பிடியை அவர் கையில் கொடுத்தாள்.