வாளி நிறையப் பூ

சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்களுக்கு அறை தந்த வீட்டுக்காரர் எந்நேரமும் பற்றவைக்காத பைப்பைக் கடித்துக்கொண்டிருப்பார். எண்பதுகளில், எங்கள் அகதி வழக்கு முடியாத காலம் அது. அந்த அறையை விட்டால் எங்களுக்கு வேறு அறை கிடைக்காது.

ஒரு கிழமை வெளியூர் போனவர், தோட்டத்துச் செடிகளை என் பொறுப்பில் விட்டார். செடியெல்லாம் மயிர்க்கொட்டிப் புழு. ஊரில் நான் புகையிலைத் தோட்டக்காரன். இலை இலையாகப் புரட்டிப் புழுப் பிடித்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். புகையிலைக்குச் செய்வதுபோல, இலை தடிக்கட்டும் என்று பூக்கொத்துகளையும் கிள்ளி வாளியில் போட்டேன்.

வேலையால் வந்த அறைத்தோழர் அண்ணை தலையில் கைவைத்தார்.

“அடேய், இது கஞ்சா! அந்தாள் பூவுக்கெல்லோ வளர்க்குது. இனி எங்களை வீட்டைவிட்டுக் கலைக்கப்போகுது.”

மறுநாள் வீட்டுக்காரர் வந்தார். வாளியை வெகுநேரம் பார்த்தார். பிறகு, புழு துளைத்த ஒரு பூவைத் தேடியெடுத்துப் பிளந்து காட்டினார். உள்ளே புழு எச்சமும் சாம்பல் நிறப் பூஞ்சணமும். அவர் ஜெர்மனில் சொன்னதை அண்ணை எனக்குச் சொன்னார்.

“எல்லாம் அழுகினதுதானாம். நீ கிள்ளினது நல்லதாப் போச்சுதாம்.”

முதல்நாள் இரவு சாப்பிடாத நான் அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆனால் வாளி நிறையப் பூ இருந்தது. அவர் பிளந்தது அந்த ஒன்றைத்தான். புழு தொடாத மிச்சப் பூக்களைத் திரும்பியும் பார்க்காமல் எருக்குழியில் கொட்டிவிட்டார்.