நடு ஏரியில் நின்ற படகு

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிமுனையில் இருந்து எங்கள் தேவாலயத்து ஆட்கள் எல்லோரும் ஒரு பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் போனோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, ஒருவழியாக ஏரிக்கரையில் இறங்கினோம். உப்புக் காற்றிலேயே வளர்ந்தவர்களுக்கு மலைகளுக்கு நடுவில் அவ்வளவு நல்ல தண்ணீரைக் கண்டதும் தலைகால் புரியவில்லை.

என்னோடு என் அண்ணனின் மனைவி, என் மச்சாளும் வந்திருந்தார். அண்ணன் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இறந்தவர்கள் நாளில் ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். மச்சாளுக்குக் கொளுத்த ஒரு கல்லறை இல்லை. கடற்கரையில் கொளுத்தச் சொன்னால், "அந்தக் கடலின்ர முகத்தில முழிக்க மாட்டன்" என்பார். வருடக்கணக்காக அவர் அழவும் இல்லை. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அன்று அவரைப் படகில் இழுத்து ஏற்றியது நான்தான். "இது கடலில்ல மச்சாள், குளம்தானே, வாங்கோ" என்றேன். நாங்கள் இருவரும், கம்பளித் தொப்பி போட்ட படகோட்டியும்தான். மலையகத்துத் தமிழர், நடுத்தர வயது.

ஏரியின் நடுவில் மச்சாள் திடீரென்று அவரைக் கேட்டார்.

"இந்தத் தண்ணி எங்க போகுது?"

"ஆத்துல விழுந்து, மகாவலியில சேந்து, கடைசியில கடலுக்குத்தாங்க போகுது."

"எந்தக் கடல்?"

"திருகோணமலைப் பக்கங்க."

எங்கள் கடல் எங்கே, திருகோணமலை எங்கே! சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மச்சாள், "கடலெல்லாம் ஒண்டுதானே" என்று சொல்லி, வழியில் ஒரு தேவாலயத்தில் வாங்கிய சின்ன மெழுகுதிரியைக் கைப்பையில் இருந்து எடுத்தார்.

காற்று கொளுத்த விடவில்லை. படகோட்டி இஞ்சினை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றித் திரிக்கு மறைப்பாகப் பிடித்தார்.

திரி பற்றியது. மச்சாள் தண்ணீரைப் பார்த்து, "இஞ்சாருங்கோ" என்றார். அண்ணனை அவர் கூப்பிடும் சொல் அது. அதைக் கேட்டு எத்தனை காலம்!

"பிள்ளையள் நல்லா இருக்குதுகள். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

பிறகு அழுதார் பாருங்கள், படகே ஆடியது. எனக்கும் அண்ணன்தானே, நானும் அழுதேன்.

சவாரி நேரம் முடிந்து, கரையில் முதலாளி விசில் அடிக்கத் தொடங்கினார். அங்கே அடுத்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். படகோட்டி எழுந்து, "இஞ்சின் ஸ்டார்ட் ஆகுதில்ல முதலாளி!" என்று கத்தினார். ஒரு கையில் தொப்பியைப் பிடித்தபடியே மற்றக் கையால் கயிற்றைச் சும்மா இழுத்தும் காட்டினார். மெழுகுதிரி எரிந்து முடியும் வரை அந்த இஞ்சின் பழுதாகவே இருந்தது. பிறகு ஒரே இழுவையில் இயங்கியது.

கரையில் அவர் வாங்கிய ஏச்சு எங்கள் காதிலும் விழுந்தது. நான் முதலாளியிடம் பேசப் போக, வேண்டாம் என்று படகோட்டி கண்ணாலேயே சொல்லிவிட்டார்.

அந்த வருடம் இறந்தவர்கள் நாளில், யாரும் கூப்பிடாமலே மச்சாள் மெழுகுதிரியோடு பள்ளிமுனைக் கடற்கரைக்கு வந்தார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள். பொய் சொல்வது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் வரும்போது மட்டும், அந்தப் படகோட்டியை நினைத்து இன்றைக்கும் என் குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது.