காட்டோரத்துக் கோழி

கல்யாணமாகி நான் மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்கு வந்த வருஷம், காட்டுக்கும் எங்கள் குச்சிக்கிழங்குக் கொல்லைக்கும் நடுவே அடர்ந்திருந்த உண்ணிப் புதரை என் கணவர் வெட்டி எறிந்தார். இன்னும் கொஞ்சம் கிழங்கு நடலாம் என்று திட்டம். புதர் போனதும் காட்டின் ஓரம் வரை வெயில் விழுந்தது. புல் முளைத்தது. புல்லில் வெட்டுக்கிளி பெருகியது. அதைத் தின்ன இந்தப் பக்கமிருந்து என் கோழிகள் போயின; அந்தப் பக்கமிருந்து ஒரு காட்டுச்சேவல் வந்தது.

எங்கள் சேவல் அடிவாரத்துக் காரவள்ளியில் வாங்கியது; பஸ்ஸில் என் மடியிலேயே மலையேறி வந்தது. காட்டுச்சேவல் அதைவிடச் சிறியது. சண்டை நான் சோறு வடிப்பதற்குள் முடிந்துவிட்டது. எங்கள் சேவல் அடுப்படிக்குள் வந்து நின்றுகொண்டது.

"ஏனுங்க, நம்ம கோழியெல்லாம் அந்தச் சேவலோடயே சுத்துதுங்க."

"சுத்தட்டும். தீனி மிச்சம்" என்றார் கணவர்.

கோழிகள் காட்டோரத்திலேயே முட்டையிட்டன. மறைப்பு இல்லாததால் வால்காக்கையும் கீரியும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தப்பிப் பொரிந்த குஞ்சுகளை, காட்டின் கடைசி மரத்தில் உட்கார்ந்து கொல்லையைப் பார்த்திருந்த வல்லூறு ஒவ்வொன்றாகத் தூக்கிப்போனது. ஒரே ஒரு பெட்டை மிஞ்சியது. மெலிந்த கால், சாம்பல் நிறம். கூட்டுக்குள் வராது, பலாமரத்தில் தூங்கும். நான் சாமை இறைத்தால் வந்து தின்னும். ஓரடி நெருங்கினால் காட்டுக்குள் போய்விடும்.

ஒருநாள் வனக்காவலர் ஒருவர் அந்த வழியே வந்தவர் அதைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, காட்டுக்கோழிய ஊட்டுல வளக்கறது தப்புங்க."

"பாதி உங்களது, பாதி எங்களதுங்க. புடிக்க முடிஞ்சா எடுத்துட்டுப் போங்க" என்றார் கணவர்.

காவலர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பதுங்கிப் போனார். பெட்டை அவரைக் கொல்லை முழுக்க நடக்கவிட்டு, அவர் கைநீட்டியதும் பறந்து பலாமரத்தில் உட்கார்ந்தது. அவர் செருப்பிலிருந்த சேற்றை வழித்துப் போட்டார். நான் கொடுத்த டீயைக் குடித்தார்.

"இது கோழிதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் பெட்டை வருவது நின்றுவிட்டது. வல்லூறு எடுத்ததோ, காட்டுக்குள்ளேயே தங்கிவிட்டதோ தெரியவில்லை. கொல்லையோரம் ஒரு இறகுகூடக் கிடக்கவில்லை.

"போனாப் போகுது, வா புள்ள. வேற கோழி வாங்கலாம்" என்றார் கணவர். எனக்கு வேறு கோழி வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நாள் காலையில் அங்கே போய்ச் சாமை இறைத்துக்கொண்டிருந்தேன். புறாக்கள் வந்து தின்றன.